ஒரே பெயருள்ள இரண்டு உலாவிகள்

திரையின் மேல்விளிம்பில் தோன்றிய மஞ்சள் பட்டை இன்று மறையவில்லை.

'தங்கள் இணைய உலாவி மிகப் பழையது. புதுப்பித்த பின்னரே மின்னஞ்சல் திறக்கும்.'

விளக்கேற்றும் வேளை. உள்ளறையில் முதியவர் திரைமுன் அமர்ந்திருந்தார். கூடத்தில் அவர் மனைவி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவளுக்குக் காது கேளாது. ஆகையால் மஸ்கட்டில் வேலை பார்த்த மகன் எழில்வாணன், நாள்தோறும் இவ்வேளையில் அவளுக்கு எழுதுவான்.

சித்திரையில் அவன் இறந்தான். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அப்போதுதான் அவளுக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது.

அவர் சொல்லவில்லை.

வீட்டில் அவன் விட்டுச்சென்ற மடிக்கணினியில், அவனுடைய மின்னஞ்சல் திறந்தபடியே கிடந்தது. கடவுச்சொல் அவருக்குத் தெரியாது, தேவைப்படவும் இல்லை. அவன் எழுதுவதுபோலவே எழுதினார்.

'அம்மா, சாப்பிட்டியா?'

'சாப்பிட்டேன். நீ?'

அதன்பின் ஒரு மாலையும் தவறவில்லை. மஸ்கட்டிலிருந்து அவனுடைய பெட்டி வந்து சேர்ந்தபோது அதைப் பரண்மேல் ஏற்றினார். அது யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

மகன் அமைத்துக் கொடுத்த லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் அங்காடியைத் திறந்தார். உலாவியின் பெயரைத் தேடினார். புதிய பதிப்பு இருந்தது. நிறுவினார்.

அது பழையதன் இடத்தில் அமராமல் தனியே வந்தது; இப்போது திரையில் இரண்டு உலாவிகள் நின்றன.

ஒரே பெயர். ஒரே படம். ஒன்று மகன் நிறுவியது. மற்றொன்று சற்றுமுன் வந்தது.

"ஒரே மாதிரி ரெண்டு இருந்தா உங்களுக்குத் தூக்கமே வராதேப்பா" என்று அவன் கேலி செய்வான். உண்மைதான். வீட்டில் இரண்டாவது கத்தரிக்கோல் ஒரு வாரம் தங்கியதில்லை.

பழையதை நீக்கினார்.

'இதன் தரவுகளையும் அழிக்கவா?'

எதையும் அரைகுறையாய் விடுவது அவர் வழக்கமன்று. ஆம் என்றார்.

புதியது விரைந்து திறந்தது. மஞ்சள் பட்டை இல்லை. கடிதங்களும் இல்லை. வெண்மையான பக்கத்தின் நடுவே ஒரு கட்டம் மட்டும் இருந்தது.

கடவுச்சொல்.

பிறந்த நாளை இட்டார். தவறு.

தாயின் பெயரை இட்டார். தவறு.

'மறந்துவிட்டீர்களா?' என்ற வரியை அழுத்தினார். பதிவு செய்த எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பப்பட்டுள்ளது என்றது.

மகனுடைய அந்த எண் சித்திரையோடு நின்றுபோயிருந்தது.

இனி எழில்வாணன் எழுதமாட்டான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

தோளில் ஒரு கை விழுந்தது. அவர் பதறி மடிக்கணினியை மூடினார்.

மனைவி நின்றாள். கைப்பேசி கூடத்து நாற்காலியிலேயே கிடந்தது.

காது கேளாதவளுக்குரிய உரத்த குரலில் சொன்னாள்:

"தட்டு போட்டுட்டேன், வாங்க. தெனமும் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டு எழுதுறீங்களே, நீங்க என்னைக்காவது ஒழுங்காச் சாப்பிட்டீங்களா?"