வைட்டமின் ஊசி

"வெறும் வைட்டமின் ஊசிம்மா. போலீஸ் ஸ்டேஷன்லயும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். உன் தம்பி கிட்னி கெட்டதுக்கு நான் என்ன பண்றது?"

ஜிம் மாஸ்டருக்கு அது சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்ட பதில். அக்காக்காரி ஆஸ்பத்திரி நர்ஸ். யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தாள். தம்பிக்கு உடம்பு ஏற மாஸ்டர் கொடுத்த அதே பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தாள். ஊசியைச் செருகி மருந்தை உறிஞ்சினாள்.

"வைட்டமின்தானே மாஸ்டர்? கையை நீட்டுங்க."

சிரித்த மாஸ்டர், ஊசி தோள் பக்கம் வந்ததும் துள்ளிப் பின்வாங்கினார்.

"ஏய், கிட்ட வராத! எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. இது கிட்னியைக் காலி பண்ணிடும்!"

எடை தூக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அவள் ஊசியைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சில் இருந்ததைத் தன் வாயிலேயே பீய்ச்சி விழுங்கினாள்.

"வெறும் தண்ணிடா. தம்பி தீர்த்துட்டுப் போட்ட பாட்டில்ல நான்தான் ஊத்திட்டு வந்தேன். வெறும் வைட்டமின்னு எழுதிக் கொடுத்தியே, அது கிட்னியைக் காலி பண்ணும்னு உனக்குத் தெரியும்னு இப்ப உன் வாயாலயே இத்தனை பேர் கேட்டுட்டாங்க. வா, ஸ்டேஷனுக்கு!"