இரண்டு பேட்டரிகள்

புயல் வருகிறது என்றதும் பிலோமினா அவல், மெழுகுவத்தி, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். வீட்டில் இருந்த இரண்டே பேட்டரிகளை ரேடியோவில் போட்டாள். பக்கத்தில் டார்ச் சும்மா கிடந்தது.

மாதக்கணக்கில் வாய்மூடிக் கிடந்த ரேடியோவுக்குப் பெருமை தாங்கவில்லை. கரையோர மக்கள் பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அறிவித்தது. பிறகு பாட ஆரம்பித்தது.

“சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீங்களே, அண்ணே. பேட்டரியை எனக்கு விடுங்க. இப்பவே மேகம் கறுத்துடுச்சு. பள்ளிக்கூடம் போற வழியில இருக்கிற மரப்பாலத்தில் கைப்பிடி கிடையாது” என்றது டார்ச்.

“நான் நின்னுட்டா என்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவாளே” என்றது ரேடியோ.

பிலோமினா கைக்குழந்தையைத் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ கொஞ்ச நேரம் அதைப் பார்த்தது. பாட்டைப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

பிலோமினா இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். பேட்டரிகளைக் கழற்றி டார்ச்சில் போட்டாள். அது பளிச்சென்று எரிந்தது.

“சமயத்துக்கு உதவாத சாமான்” என்று ரேடியோவை ஓரமாக வைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாலத்தை நோக்கி நடந்தாள்.