ஒரு நட்சத்திரம் தள்ளி

லேப்டாப்பின் விசிறி, ஃபேக்டரி சங்கு ஊதக் கிளம்புவதற்கு முன் வரும் முனகலைப் போல முனகியது. கறுப்புத் திரையில் எழுத்துகள் மேலே மேலே ஓடின.

"என்னடா, மஞ்சளா ஏதோ திட்டுது?" என்றார் சம்பந்தம்.

"வார்னிங்ப்பா. எந்த கம்பைலுக்கும் வரும். கண்டுக்கக் கூடாது."

"கண்டுக்காம ஒரு பொருளையும் நான் பாஸ் பண்ணதில்ல."

கோகுல்நாத் திரையைச் சற்றுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்பா ஆவடித் தொழிற்சாலையில் காலமெல்லாம் தரப் பரிசோதகராக இருந்தவர். மயிரிழை பிசகிய போல்ட்டைக்கூடத் திருப்பி அனுப்பியவர். ரிட்டயராகி அண்ணனூர் ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு பரிசோதிக்க அவருக்கு மிஞ்சியது மகன் ஒருவன்தான். அவன் இன்னும் பாஸ் ஆகவில்லை.

இப்போது அவன் கல்யாணம் பரிசோதனையில் இருந்தது.

அவன் விரும்பிய ரோஷினிக்குத் திருவோணம். அவனுக்கு அஸ்தம். இரண்டும் ஒரே ரஜ்ஜு, கழுத்து ரஜ்ஜு. சேர்த்துவைத்தால் பெண்ணின் ஆயுசுக்கு ஆகாது என்று பூந்தமல்லி ஜோசியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரோஷினி பெயரை எடுத்தாலே அம்மா ராஜகுமாரிக்குக் கண் கலங்கியது.

"தங்கமான பொண்ணுடா. அவ நல்லா இருக்கட்டும்னுதான் வேணாங்கறேன்."

இதற்கு அவன் தன் சாஃப்ட்வேர் ஆபீசில் கற்ற பதிலைச் சொன்னான். ஜோசியர் போட்டது பழைய கணக்கு. வானியல் விஞ்ஞானிகள் எழுதிய லைப்ரரி, அதாவது புரோகிராம் தொகுப்பு, ஒன்று இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ். ஒவ்வொரு வரியையும் யாரும் படிக்கலாம், ஒளிவுமறைவே கிடையாது. அதில் பார்த்தால் நட்சத்திரமே மாறலாம்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"சரி. என் கண் முன்னாடி பண்ணு. அதுல எது வருதோ அதுதான் முடிவு."

பாவம், அவருக்கும் கவலை இருக்கத்தான் செய்தது. முந்தாநாள் பிரஷர் மாத்திரை வாங்கப் பூந்தமல்லிவரை போய்வந்தார், அண்ணனூரில் மருந்துக்கடையே இல்லாத மாதிரி.

இன்று சாயங்காலத்துக்குள் ரோஷினி வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஓசூரிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள்.

காலையிலிருந்து கம்பைல்தான் நடக்கிறது, விஞ்ஞானிகள் எழுதியதை லேப்டாப்பில் ஓடும்படி மாற்றும் வேலை. ஏதோ ஒன்று இல்லை என்று நிற்கும். அதை இறக்கினால், அதற்கு வேண்டிய இன்னொன்று இல்லை என்று நிற்கும். கல்யாண மண்டபம் கிடைத்தால் சமையல்காரர் கிடைக்காத கதை.

எதற்கும் கோகுல்நாத் கலங்கவில்லை. ஏனென்றால் ஒளிவுமறைவே இல்லாத அந்த லைப்ரரிக்குள் புகுந்து, வெள்ளிக்கிழமை மதியம் அம்பத்தூர் ஆபீசில், எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டபடியே அவன் நிலாவை நகர்த்திவிட்டிருந்தான்.

ஒரே ஒரு வரி. சந்திரன் எங்கே நின்றாலும் ஒரு நட்சத்திரம் தள்ளிக் காட்டும். அஸ்தத்துக்கு அடுத்தது சித்திரை. சித்திரைக்கும் திருவோணத்துக்கும் ரஜ்ஜு இடிக்காது.

பக்கத்து சீட் ஜேம்ஸ் எட்டிப் பார்த்து, "இன்னா மாமே, ராக்கெட் வுடற புரோகிராம்ல பொருத்தம் பாத்துகினு கீற?" என்று கேட்டதோடு சரி.

கம்பைல் முடிந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நவுரு. பொறந்த தேதி, நேரம் நானே போடறேன். உன்ன நம்ப முடியாது."

அந்த வீட்டில் சந்தேகமே இல்லாத விஷயம் அவன் பிறந்த நேரம்தான். ஃபேக்டரியின் காலைச் சங்கும் இவனுடைய முதல் அழுகையும் ஒன்றாகக் கேட்ட கதையை, கேஸ் சிலிண்டர் போட வருகிறவருக்குக்கூட அப்பா சொல்லியிருக்கிறார்.

அவர் ஒற்றை விரலால் எண்களைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ரோஷினி. "ஆச்சா?"

கோகுல்நாத் திரும்பி உட்கார்ந்து, கட்டைவிரல் உயர்த்திய படத்தை அனுப்பினான். அவசரக்குடுக்கை.

எண்டரையும் அப்பாவே தட்டினார்.

திரையில் ஒரே ஒரு சொல் வந்து நின்றது.

சுவாதி.

கோகுல்நாத் அந்தச் சொல்லை மறுபடி படித்தான். சுவாதி மறுபடியும் கழுத்து ரஜ்ஜு. அஸ்தத்திலிருந்து ஒன்று தள்ளினால் சித்திரை, இரண்டு தள்ளினால்தான் சுவாதி. அவன் தள்ளியது ஒன்றுதானே? அதே வரியை இரண்டு தடவை எழுதித் தொலைத்தானா? அந்த ஜேம்ஸ் கையை வைத்தானா? நிலாவைத் தொட்டதற்கு இவ்வளவு சீக்கிரமா தண்டனை?

அனுப்பிய கட்டைவிரலைத் திரும்பப் பிடுங்க முடியுமா என்று போனைப் பார்த்தான். ரோஷினி அதற்குள் ஒரு வரிசை இதயம் அனுப்பியிருந்தாள்.

மெதுவாகத் தலையைத் தூக்கினான். 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு முகம் காத்திருக்கும் என நினைத்தான்.

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. திரையில் அந்தச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்படிடா?" குரல், சமையலறைக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியது. "சாயந்தரச் சங்கு நேரம்தானே போட்டேன்... சாயந்தரம்னா சித்திரை வந்துடும்னு அந்த ஜோசியர்கிட்ட நேர்ல போய்க் கேட்டுக்கினுதானே வந்தேன்?"

பணிமனைக்குப் போகும் மின்ரயில் ஒன்று ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"என்னங்க, என்ன வந்துது?" ராஜகுமாரி கையைத் துடைத்தபடி வாசற்படிக்கு வந்தாள்.

"இன்னும் கம்பைல் ஆவுது!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.