விதைச் சோளம்

“சேர்!”

அந்த ஒரு சொல்லுக்கே பாலசிங்கம் திடுக்கிட்டான். கையிலிருந்த வெண்கட்டி கரும்பலகையில் கீச்சிட்டது.

முன் வரிசைச் சிறுமி கையைத் தூக்கியபடி இருந்தாள். கடைசி வரிசையில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார் அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரி. அவர் மடியில் பாலசிங்கத்தின் கோப்பு. அதில் முக்கியமான வரிகள் எல்லாம் பொய். உண்மையைச் சொன்னால் யாரும் இரங்கமாட்டார்கள் என்று அவனை அனுப்பிவைத்த ஏஜென்ட் பயங்காட்டியதால் சொன்ன பொய்.

மூன்று வாரத்துக்கு முன்புவரை சுவிஸ் நகரமான நொஷாட்டலின் இந்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குத் தரை துடைக்கிற வேலைதான். அமெரிக்க வரலாறு எடுக்கும் ஆசிரியர் பனிச்சறுக்கு விளையாடப் போய்க் காலை முறித்துக்கொண்டார். தலைமை ஆசிரியை பாலசிங்கத்தைப் பிடித்தார்.

“அன்றைக்குப் படத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்கு என்னவோ விளக்கிக்கொண்டிருந்தீர்களே, ஊரில் ஆசிரியரா?”

அவன் தலையை ஆட்டினான். ஓம் என்று ஆட்டினானா, இல்லை என்று ஆட்டினானா, அவனுக்கே தெரியாது.

அந்த அம்மா அதோடு விடவில்லை. இவரை ஆசிரியராகவே வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று எழுதிப்போட்டுவிட்டார். அதன் பலன்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது. பொய் பிடிபட்டால் அடுத்த விமானத்தில் கொழும்பு.

இது போதாதென்று காலையில் மரியதாஸ் வேறு. இதே பள்ளிக்கூடச் சமையலறையில் கோப்பை கழுவுகிறவன். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, கொழும்பு லொட்ஜில் இருவரும் ஒரே அறையில் பத்து நாள் கிடந்தார்கள். அந்தப் பத்து நாளும் மரியதாஸ் ஓயாமல் கதைத்தான்: பாசையூர்க் கரை, நேவி எரித்த தன் மீன்பிடி வள்ளம், நீந்தித் தப்பியது. பாலசிங்கம் சுவிஸ் வந்து மூன்று மாதம் கழித்துத்தான் மரியதாசுக்கு வழி திறந்தது.

“என்ன அண்ணை, தும்புத்தடியை வைச்சிட்டு வெண்கட்டி தூக்கியிட்டியளாம்! இனி எங்களோட கதைப்பியளோ?” என்று கேட்டபடி ஒரு கடிதத்தை நீட்டினான். “பேர்ண் அகதி அலுவலகத்திலயிருந்து வந்தது. ஒருக்கா வாசியுங்கோ பாப்பம்.”

பாலசிங்கம் பிரெஞ்சை எழுத்துக்கூட்டி வாசித்தான். “மறுத்துப்போட்டாங்கள், மரியதாஸ். உன்ர கதையை நம்பேல்லையாம்.”

“என்னத்தை நம்பேல்லை? முதுகில சூட்டுத் தழும்பு கிடக்கு. கழட்டிக் காட்டட்டோ?” மரியதாஸ் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “வேறை ஏதும் எழுதியிருக்கோ, அண்ணை?”

“இல்லை,” என்றான் பாலசிங்கம். இன்னும் ஒரு வரி இருந்தது. “என்னட்டை இருக்கட்டும், பிறகு பாப்பம்,” என்று கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

இப்போது அது நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

“சேர், சோளத்துக்கு அடியில் ஏன் மீனைப் புதைத்தார்கள்?” சிறுமி மறுபடி கேட்டாள்.

“உரத்துக்கு. அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரருக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அந்த மண்ணின் மக்கள்தான்.”

“அந்த மீனை எந்த மாதிரி வலையால் பிடித்திருப்பார்கள்?” கேட்டது பிள்ளைகள் இல்லை, அதிகாரி.

“வலை... சாதாரண வலைதான்.” பாலசிங்கம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதிகாரி கோப்பில் எதையோ குறித்துக்கொண்டார்.

“சேர், முதலில் விதைச் சோளம் எங்கேயிருந்து கிடைத்தது?”

“அந்த வெள்ளைக்காரர் கரையில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். கூடை நிறையச் சோளம். அந்த மக்கள் அடுத்த விதைப்புக்குப் புதைத்து வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.”

“கேட்டு எடுத்தார்களா?”

“இல்லை.”

“அப்போ களவு!” என்றான் ஒரு பையன். வகுப்பு சிரித்தது.

“பசி,” என்றான் பாலசிங்கம். “செத்துப்போவோம் என்ற பயம். பிறகு, அடுத்த வருடம் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.”

சிறுமி கையை இறக்கவில்லை. “அந்த வருடம் சொந்தக்காரர் எதை விதைத்தார்கள், சேர்?”

பாலசிங்கம் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். தலைமை ஆசிரியை முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார். அதிகாரி கோப்போடு எழுந்து வந்தார்.

“அருமையான பாடம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம்...”

“நீங்கள் கேட்கவேண்டாம். நானே சொல்கிறேன்,” என்றான் பாலசிங்கம். “விசாரணையில் நான் சொன்னது பொய்.”

தலைமை ஆசிரியையின் சிரிப்பு அணைந்தது. “நீங்கள் ஆசிரியர் இல்லையா?”

பாலசிங்கம் அதிகாரியின் பக்கம் திரும்பினான். சட்டைப்பையிலிருந்து மரியதாசின் கடிதத்தை எடுத்து, காலையில் வாசிக்காமல் விட்ட வரியில் விரலை வைத்து அதிகாரியிடம் நீட்டினான்.

அதிகாரி உரக்க வாசித்தார். “‘எரிந்த வள்ளத்தின் இதே கதையை இவருக்கு மூன்று மாதம் முன்பே வேறொருவர் எம்மிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே இவர் சொல்வது ஒப்பித்த கதை.’” நிமிர்ந்து பார்த்தார். “உங்கள் கோப்பிலும் எரிந்த வள்ளம்தானே?”

“வள்ளம் மரியதாசுடையது, ஐயா. நான் வெறும் வாத்தியார்.”