புதன்கிழமை டப்பா

"சாணியை டப்பாவில போட்டு, தேதி எழுதி, ஐஸ் பெட்டியில வைக்கணுமா? இந்த மரியாதை எனக்கே கிடைச்சதில்லையே டாக்டரம்மா!"

காப்பாளர் கையில் கூடையோடு நின்றார். அந்த விலங்குக் காட்சி சாலையில் காண்டாமிருகங்கள் இரண்டும் அவர் பொறுப்பு. ஆணுக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் பெண்ணுக்காகவே எங்கிருந்தோ வரவழைக்கப்பட்டவன். வந்து நாலு வருடமாகியும் குட்டி என்ற பேச்சே இல்லை. பெண்ணை மூன்று முறை சோதித்தாயிற்று, அவளிடம் ஒரு குறையும் இல்லை.

புதிதாக வந்திருந்த கால்நடை டாக்டர் சிரித்தாள். "அவன் பயத்துல இருக்கானான்னு பார்க்க ஊசி குத்தி ரத்தம் எடுத்தா, ஊசிக்கே பயந்துடுவான். சாணின்னா அந்தத் தொல்லை இல்ல. நேத்து அவன் மனசு எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்குச் சாணி சொல்லிடும்."

"சாணியா? மனசையா?"

"சிறுநீரகத்துக்குப் பக்கத்துல தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. பயம் வந்தா அது ஒரு ஹார்மோனைச் சுரக்கும். நாள் கணக்கா நிக்காம சுரந்துச்சுன்னு வைங்க, 'இப்போ உயிர் பிழைச்சாப் போதும், குட்டியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்'னு விந்து உண்டாகிற இடத்துக்கே உத்தரவு போயிடும்."

காப்பாளர் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாயிரம் கிலோ இருக்கான். ஒரு இடி இடிச்சா இந்தச் சுவர் நிக்காது. இவனை ஒரு கைக்குள்ள அடங்குற சுரப்பியா கட்டிப் போட்டிருக்கு?"

திறந்த வாயை அவர் மூடவே இல்லை. டாக்டர் இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவள்தான். ஆனால் அவர் வாயால் கேட்டபோது அவளுக்கே புல்லரித்தது.

"அந்தப் பயத்தை எடுத்துட்டா?"

"பூட்டு தானா திறந்துக்கும்" என்றாள்.

அதன் பிறகு எட்டு மாதம், தினம் ஒரு டப்பா. மற்ற நாள்களில் மாப்பிள்ளையின் பயம் உச்சாணிக் கொம்பில் இருந்தது. புதன்கிழமை டப்பாவில் மட்டும் சட்டென்று இறங்கியது. செவ்வாய்க்கிழமை காட்சி சாலைக்கு விடுமுறை. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அவன் நிம்மதியாக இருக்கிறான் என்று டாக்டர் இயக்குநரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

அவர் எங்கே கேட்டார்? மாதம் ஒரு நாள் இரண்டு கொட்டிலுக்கும் நடுவிலுள்ள கதவைத் திறப்பார்கள். சண்டை வந்தால் விலக்கத் தண்ணீர்க் குழாயோடு நாலு பேர், கேமராவோடு ஒருவர், சுவர்மேல் இயக்குநர். மாப்பிள்ளை மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நிற்பான்.

"கல்யாணமான வீட்டு ஜன்னல்ல ஊரே நின்னு எட்டிப் பார்த்தா, யாருக்கு சார் மனசு வரும்?" என்று காப்பாளர் ஒருமுறை கேட்டே விட்டார். இயக்குநர் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு காகிதத்தை டாக்டர் முன்னால் நீட்டினார். "நாலு வருஷம் பார்த்தாச்சு. வெள்ளிக்கிழமை லாரி வருது. இவனை ஏத்தி அனுப்பிட்டு வேற ஆணைக் கொண்டு வர்றோம். கையெழுத்துப் போடுங்க."

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க சார்" என்று கெஞ்சி அவகாசம் வாங்கினாள். அந்த வாரத்துப் புதன்கிழமை டப்பாவை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதிலுள்ள எல்லா ஹார்மோனையும் பார்க்கச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு ஆண்மை குறையவில்லை என்று ஒரு வரி வந்தால் போதும், லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. பாதி படித்ததுமே அவளுக்கு முகம் சிவந்தது. நேரே கொட்டிலுக்கு நடந்தாள்.

"இவன் சாணியில பெண்ணோட ஹார்மோன் எப்படி வந்துச்சு?"

காப்பாளர் விழித்தார்.

"பக்கத்துக் கொட்டில்ல இருந்து அள்ளி இவன் டப்பாவில போட்டிருக்கீங்க. பயமே இல்லாத அவ சாணியை வச்சு, இவன் நிம்மதியா இருக்கான்னு காட்டி லாரியை நிறுத்தணும், அதானே? உங்களை நம்பி நான் சண்டை போட்டேனே! எனக்கு அழுகையா வருது."

"சத்தியமா இல்லம்மா! அவன் குவியல்ல இருந்துதான் அள்ளினேன். காண்டாமிருகம் கண்ட இடத்துல சாணி போடாது, இருக்கிற குவியல் மேலதான் போடும். விருந்துக்கு வந்த காண்டாமிருகமா இருந்தாலும் அப்படித்தான்."

"விருந்துக்கா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். கோபத்தில் படிக்காமல் விட்ட எண் அங்கே இருந்தது. இரண்டாம் முறை படித்தாள்.

"இது சாதாரணப் பெண்ணோட அளவு இல்ல" என்றாள். "சினையா இருக்கிறவளோட அளவு."

சுவருக்கு அந்தப் பக்கம் பெண் காண்டாமிருகம் புல்லை மென்றுகொண்டிருந்தது. அந்த மலை போன்ற வயிற்றைப் பார்த்தபடி டாக்டர் நின்றாள்.

"எப்படி? இவன்தான் மூலையை விட்டு நகரவே இல்லையே?"

காப்பாளர் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினார். "பயத்தை எடுத்துட்டா பூட்டு தானா திறந்துக்கும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. அதான், எட்டு மாசமா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நடுக்கதவைத் திறந்து விட்டுட்டு, நான் முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்துக்குவேன்."