ஆறு முப்பத்தொன்றுக்கு வந்தவர்

"ஏலே சுடல, கதவு தொறக்கல. ஆனா உள்ள ஆள் நடமாட்டம்னு அலாரப் பெட்டி சொல்லுது. ராத்திரி பூட்டுனது நீ. எவன உள்ள வச்சுலே பூட்டுன?"

தர்மகர்த்தா ஐயம்பெருமாள் போட்ட சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. காவலாளி சுடலைமாடன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார். முக்கூடல் ஆற்றங்கரையில் இந்தச் சிவன் கோயிலுக்கு இருபத்திரண்டு வருடமாகக் காவல் இருப்பவர். ஒரு எண்ணெய்க் கிண்ணம்கூடக் களவு போனதில்லை. இப்போது இரண்டு நாளாக, விடிந்ததும் திருட்டு அலாரம் ஊளையிடுகிறது. ராத்திரி பூட்டிக் கொடுத்தனுப்பிய சாவி தர்மகர்த்தா வீட்டிலிருந்து வந்து திறந்து பார்த்தால், உள்ளே ஈ காக்கை இல்லை.

"சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. திருப்பணிக்காகக் கிழக்குச் சுவரோரம் நான் படுத்துக் கெடந்த தகரச் சாய்ப்பப் பிரிச்சதிலேருந்து, ஒரு வருஷமா நான் வெளிய வேப்பமரத்தடியிலல்லா கெடக்கேன்."

"கதையளக்காத. மெக்கானிக் பிள்ள பாத்துச் சொல்லட்டும். மிஷின்ல கோளாறு இல்லன்னா இந்தக் கடுதாசி போலீசுக்குப் போவும்."

அவர் நீட்டிய புகார்க் கடிதத்தில் 'உடந்தை: சுடலைமாடன்' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல், 'உள்ளே நுழைந்தவர்' என்ற இடம் காலியாகக் கிடந்தது.

"அந்தப் பேர நீ சொல்லுதியா, போலீஸ் சொல்ல வைக்கட்டுமா?"

பொன்செல்வி தச்சநல்லூரிலிருந்து வந்திருந்த அலார மெக்கானிக். மீட்டரை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். சுடலைமாடன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் நல்லா இருக்கணும் என்று கும்பிட்டே பழகிய மனுஷன், அன்று ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கணும் என்று கும்பிட்டார்.

"வயர் எப்படிம்மா இருக்கு?"

"ஒரு குத்தமும் இல்லண்ணே. எலிகூட கடிக்கல."

இருபத்திரண்டு வருடம் கோயில் பொரியைத் தின்று கொழுத்த எலிகள்! ஒரு வயரைக் கடித்து வைக்கக் கூடாதா?

"பேட்டரி?"

"புதுசு மாதிரி இருக்கு."

கருவறை வாசலுக்கு மேலே இருந்த சென்சாரைக் கழற்றினாள். பல்லி இல்லை, சிலந்தி இல்லை. "இதுலயும் கொறையில்ல" என்றாள். சுடலைமாடன் கையில் ஏணி ஆடியது.

"பைய, பையண்ணே! என்னத் தள்ளிராதிய."

கீழே இறங்கி, அலாரப் பெட்டியின் பொத்தான்களைத் தட்டினாள். பெட்டி என்றைக்கு, எத்தனை மணிக்கு அடித்தது என்பதை அதுவே ஞாபகம் வைத்திருக்குமாம். ஒவ்வொன்றாகத் தாளில் குறித்தவள், நிமிர்ந்து பார்த்தபோது முகமே மாறியிருந்தது.

"அண்ணாச்சி, போன பங்குனியிலயும் மூணு நாள் அடிச்சிருக்கு. இதே தேதி."

"ஆமா, பல்லின்னு விட்டுட்டோம்."

"பெறவு புரட்டாசியில மூணு நாள். இப்ப ரெண்டு நாள் ஆச்சு."

"அதான் சொல்லுதேன், ருசி கண்ட கள்ளன்!"

"மணியப் பாருங்க. பங்குனியில அடிச்சதெல்லாம் ஆறு முப்பத்தொண்ணு. புரட்டாசியில கால் மணி முந்தி. நிமிஷம் தவறாத கள்ளன நான் பாத்ததே இல்ல. நாளைக்கும் வருவான். நேர்லயே பாத்துருவோம்."

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு மூவரும் தெற்கு வாசல் வழியாக உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். பொன்செல்வி அலாரத்தைப் போட்டுவிட்டு, "இந்தத் தூணுக்கு அங்கன கால வைக்காதிய. சென்சார் நம்மளப் பிடிச்சிரும்" என்றாள்.

உள்ளே கும்மிருட்டு. கருவறையின் கம்பிக் கதவுக்குப் பின்னால் லிங்கம் இருப்பதே தெரியவில்லை. ஐயம்பெருமாள் கையில் கம்பு. சுடலைமாடன் மனசுக்குள் நினைத்துப் பார்த்தார். யாரும் வராவிட்டால் அவர் கள்ளன். வந்தால், அந்தக் கள்ளனுக்கு உடந்தை.

"ஆறு முப்பது" என்று பொன்செல்வி மெல்லச் சொன்னாள்.

பிறகு சைரன் அலறியது.

"எங்கலே அவன்?" என்று ஐயம்பெருமாள் கம்பை ஓங்கினார். ஆளும் இல்லை, அசைவும் இல்லை. சுடலைமாடன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். போச்சு, பேரு போச்சு.

"கண்ணத் தொறங்கண்ணே." பொன்செல்வி அவர் தோளைத் தட்டினாள். "சென்சாரப் பாருங்க."

சென்சார் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. எதிரே, கிழக்குச் சுவரில் ஒரு கல் சாளரம். தகரச் சாய்ப்பு மறைத்துக் கிடந்ததால் ஊரில் யாருமே கண்டுகொள்ளாத சாளரம். அதன் ஒற்றைத் துளையிலிருந்து ஒளி நூல் பிடித்தாற்போல வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில் அது சென்சாரை விட்டு இறங்கியது. நிலைப்படி இறங்கி, கம்பிக் கதவு நுழைந்து, லிங்கத்தின் நெற்றியில் போய் நின்றது. இருட்டறை முழுக்கத் தங்கமாகிவிட்டது.

சுடலைமாடனின் கைகள் தானாகத் தலைக்கு மேல் போயின. "அப்பனே! இத்தன வருஷம் வாசல்லயே கெடந்தும் எனக்குத் தெரியலையே!" என்று குழந்தைபோல அழுதார்.

"சுள்ளுன்னு சூடு பட்டா ஆள் வந்ததா நெனச்சு சென்சார் கத்தும் அண்ணாச்சி" என்றாள் பொன்செல்வி. "பெட்டியில கோளாறே இல்ல. எத்தன நூறு வருஷத்துக்கு முந்தி எந்த மவராசன், வருஷத்துல ரெண்டு தடவ மட்டும் வெளிச்சம் நேரா விழுறாப்ல கணக்குப் போட்டு அந்தத் துளைய விட்டானோ! நமக்கெல்லாம் மறந்துபோச்சு."

சைரனை நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐயம்பெருமாள் கம்பைக் கீழே போட்டார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துச் சுடலைமாடனின் பேரை அடித்தார். 'உள்ளே நுழைந்தவர்' என்ற காலி இடத்தில் எழுதினார்: சூரியன்.