தங்கமான மனுசன்

“அய்யோ மேடம், அவரு தங்கமான மனுசனுங்க! முன்ன மாதிரியே இல்லைங்க. காலைல எனக்கு காப்பி போட்டுக் குடுத்துட்டுத்தான் கம்பெனிக்கே போறாருங்க. நீங்க வீணா கவலப்படாதீங்க மேடம்!”

போனை மேசைமேல் போட்டுவிட்டு நிர்மலா தலையில் அடித்துக்கொண்டாள். பத்து மாதமாக மாதம் தவறாமல் இதே பாட்டு. கட்டினவன் கையை முறித்துப் போட்டிருக்கிறான், இவள் என்னடாவென்றால் காப்பிப் புராணம் படிக்கிறாள்!

நிர்மலா கிருஷ்ணகிரியில் நன்னடத்தை அலுவலர். மனைவி மாதேஸ்வரியின் கையை உடைத்த சிவராஜை, ஒரு வருடம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொல்லி கோர்ட் வெளியே விட்டிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமையோடு அந்த வருடம் முடிகிறது. ‘நல்லபடியாக நடந்துகொண்டான்’ என்று நிர்மலா எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் அவனை ஏனென்று கேட்க ஒருவரும் இல்லை.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை டாணென்று வந்து கையெழுத்துப் போடுவான். தேய்த்த சட்டை, நெற்றி நிறைய விபூதி. “சந்தேகமிருந்தா சம்சாரத்தையே கேட்டுக்கங்க மேடம்” என்று நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தான்.

இருநூறு ஃபைலுக்கு ஒருத்தி, போக வர ஜீப் கிடையாது. பத்து மாதத்துக்கு முன் தேனியிலிருந்து மாற்றலாகி வந்த நாளாய் எல்லா வீட்டையும் போனிலேயே விசாரித்துக்கொண்டிருந்தாள். வேறென்ன செய்வாள், பறந்தா போக முடியும்?

இந்தத் தடவை மட்டும் மனசு ஒப்பவில்லை.

“பக்கத்துலயே உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்கறான் சார்” என்றாள் கிளார்க் ஆஞ்சப்பனிடம். “அவளுக்குப் பொறந்த வீடு கர்நாடகாவுல கனகபுரா தாண்டி எங்கயோ இருக்கு. ஓடிப்போய் நிக்கக்கூட இங்க ஆளில்ல. அவ வேற என்ன சொல்லுவா?”

“அதுக்கு நீங்க என்ன பண்ண முடியும் மேடம்? அந்தம்மா சொன்னதத்தான எழுத முடியும்?”

“நாளைக்கு அவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். நேர்லயே போயிடறேன்.”

மறுநாள் காலை ஓசூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கி, சிப்காட்டுக்குப் பின்னால் லைன் வீடுகளில் அலைந்து திரிந்து கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கோணியிருந்தது. கண்ணுக்குக் கீழே புத்தம்புதிதாக ஒரு கன்றல்.

“மாதேஸ்வரிதானே?”

நிர்மலாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவள் வேகமாகத் தலையாட்டினாள்.

“கண்ணுக்குக் கீழ என்ன? கதவுல இடிச்சிக்கிட்டியா?”

தலையாட்டினாள்.

“இல்ல, அவன் அடிச்சானா?”

அதற்கும் தலையாட்டினாள்.

நிர்மலாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “ரெண்டுக்கும் ஆட்டுனா நான் எதை எழுதறது? போன்ல மூச்சு விடாம பேசத் தெரியுதில்ல? இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா? அவன் வேலைக்குப் போன நேரமாப் பாத்து, அத்தன ஜோலியையும் விட்டுட்டு உனக்காகத்தான் வந்திருக்கேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லு, அவன மறுபடி கோர்ட்ல நிறுத்தறேன். சொல்லேம்மா!”

அந்தப் பெண் நிர்மலாவின் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் தலையாட்டினாள்.

இவளைப்போல எத்தனை பேரைப் பார்த்தாயிற்று! அடியும் வாங்கிக்கொண்டு அவனுக்கே காவலும் இருப்பவர்களுக்காக எதற்கு உயிரை விட வேண்டும் என்று ஆற்றாமை பொங்க, நிர்மலா பையிலிருந்து அறிக்கையை உருவினாள்.

“சரி, உன் புருசன் தங்கம், வைரம்னே எழுதிக்கறேன். இந்தா, கையெழுத்துப் போடு. நாளைக்கு மண்டைய ஒடச்சிட்டான்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது, ஆமா!”

அவள் பேனாவை வாங்கினாள். காகிதத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, நிர்மலாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுகையோடு சொன்னாள்:

“தமிளு கொத்தில்ல மேடம்... தமிளு பரல்ல. கன்னடா மாத்தாடி.”